அவர் கேட்டதையே கொடுப்போம்

(பங்கின் பொன்விழா நாட்களில், மறைக்கல்விக் குழுவின் சார்பில் பங்கு மக்களுக்கு ஆற்றிய உரை)



நம் பங்கு ஐம்பது ஆண்டுகளைக் கண்டுவிட்டது. கொடிமரத்துக்குப் புது வர்ணம் பூசியாயிற்று. கோபுரத்தில் மின்விளக்குகள் ஏறிவிட்டன. தேருக்கு யார் பூ, பாண்டுவாத்தியத்துக்கு யார் பொறுப்பு, அன்னதானத்துக்கு எந்த அன்பியம் அரிசி கொடுப்பது என்றெல்லாம் பேசி முடித்துவிட்டோம். மகிழ்ச்சியான காரியம்தான். இந்த மகிழ்ச்சிக்கு நடுவே, நாம் கொண்டாடும் இந்த ‘ஜூபிலி’ யாருடைய விழா, அதை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று சொன்னவர் யார் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறோம்.

விழாவுக்குச் சொந்தக்காரர்

‘ஜூபிலி’ என்பது எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்தது. ‘யோபேல்’ என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஏழு ஏழாண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும், பாவப் பரிகாரத் திருநாளன்று நாடெங்கும் அந்தக் கொம்பை ஊத வேண்டும் என்று லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கொம்பு ஊதியபின் என்ன நடக்க வேண்டும்? கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலையாகித் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும். வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு அந்த நிலம் மீண்டும் சேர வேண்டும். அந்த ஆண்டில் விதைக்கவும் கூடாது, அறுத்துச் சேர்க்கவும் கூடாது. காரணத்தையும் ஆண்டவரே சொல்கிறார்: நிலம் அவருடையது, மக்கள் அதில் தங்கிப் போகும் வழிப்போக்கர்.

பாருங்கள், அன்பர்களே! ஜூபிலியை ஏற்படுத்தியவர் தோரணத்தைப் பற்றிப் பேசவில்லை. அடிமைப்பட்டவன் வீடு திரும்புவதைப் பற்றிப் பேசினார். தோரணம் கட்டுவது தவறென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டதை விட்டுவிட்டு, அவர் கேட்காததை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் அது யாருக்குச் செய்த விழா?

இந்தக் கேள்வியை மூவாயிரம் ஆண்டுகளாகத் தங்கள் நெஞ்சில் சுமந்துவரும் மக்கள் ஒருவர் உண்டு. அவர்கள் யூதர்கள். நம் ஆண்டவர் இயேசு அவர்கள் நடுவே பிறந்தார், அவர்களுடைய ஓய்வுநாளை அனுசரித்தார், அவர்களுடைய சங்கீதங்களைச் செபித்தார். 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், யூத மக்கள்மேல் எவ்வித வெறுப்பும் பாராட்டலாகாது என்று உலகுக்கு அறிவித்தது. 1986-ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமை நகரின் யூதத் தொழுகைக்கூடத்துக்கே சென்று அவர்களை நம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். ஆகவே அண்ணன் வீட்டில் கற்கவேண்டியதைக் கற்க நாம் தயங்கவேண்டியதில்லை.

மன்னன் சவுலும் தளபதி நாமானும்

இறைவனுக்குச் சேவை செய்ய ஆசைப்படாத மனிதன் அரிது. ஆனால் எப்படிச் செய்வது என்பதை மட்டும் தானே முடிவு செய்துகொள்ள ஒவ்வொருவனும் விரும்புகிறான். பழைய ஏற்பாடு இதற்கு இரண்டு படங்களைக் காட்டுகிறது.

ஒன்று, மன்னன் சவுல். போரில் கிடைத்த கொள்ளையைத் தொடக்கூடாது என்பது கட்டளை. சவுலோ கொழுத்த ஆடுமாடுகளைத் தப்பவைத்தான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து, காதில் விழும் இந்த ஆட்டுச் சத்தம் என்னவென்று கேட்டார். எல்லாம் ஆண்டவருக்குப் பலியிடத்தான் என்று பக்தியாகப் பதில் சொன்னான் சவுல். பலிக்குக் குறைவில்லை, கேட்ட சொல்லுக்குத்தான் குறை வந்தது. சாமுவேல் அந்தப் பலியை ஏற்கவில்லை. சொன்னதைக் கேட்பதே ஆண்டவருக்கு உகந்தது, ஆட்டுக் கொழுப்பு அதற்கு ஈடாகாது என்று கண்டித்தார். சவுலின் அரசுரிமையே கைவிட்டுப் போயிற்று.

மற்றொன்று, சீரியா நாட்டுத் தளபதி நாமான். குஷ்டரோகியான அவன் வெள்ளியும் பொன்னும் பட்டாடைகளும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எலிசேயுவின் வாசலுக்கு வந்தான். தீர்க்கதரிசி வெளியேகூட வரவில்லை. யோர்தான் ஆற்றில் ஏழுமுறை குளிக்கும்படி ஆள் மூலம் சொல்லியனுப்பினார். நாமானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் இல்லாத ஆறா என்று திரும்பிவிட்டான். அப்போது அவனுடைய வேலைக்காரர்கள், பெரிய காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே ஐயா, சிறிய காரியத்தைச் செய்வதற்கென்ன என்று பணிவாகக் கேட்டார்கள். அவன் போய்க் குளித்தான், குணமடைந்தான்.

சகோதரர்களே, இந்த வேலைக்காரர்களின் கேள்வி நம் ஒவ்வொருவரின் வாசலிலும் நிற்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகவேண்டும் என்றால் கால் கொப்புளித்தாலும் போகிறோம். தம்பியோடு நின்றுபோன பேச்சை மறுபடி தொடங்கு என்றால் மட்டும் கால் எழும்புவதில்லை.

கூடாரத்தின் வேலையும் நின்றது

யாத்திராகமத்தில் நம்மைப் போன்ற பங்கு மக்களுக்கென்றே எழுதியது போன்ற ஒரு நிகழ்ச்சி வருகிறது. பாலைநிலத்தில் ஆண்டவருக்குப் பரிசுத்த கூடாரம் அமைக்க மோயீசன் காணிக்கை கேட்டார். பொன், வெள்ளி, நூல், தோல், மரம் என்று மக்கள் காலைதோறும் கொண்டுவந்து குவித்தார்கள். வேலை செய்தவர்கள் மோயீசனிடம் வந்து, தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்றார்கள். உடனே மோயீசன், இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று பாளையமெங்கும் அறிவித்தார்! கட்டட நிதிக்குப் ‘போதும்’ என்ற சொல் வந்த கோவில் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆண்டவர் கேட்ட அளவு முடிந்ததும், மக்களின் ஆர்வமும் அந்த அளவுக்குள் நிற்க வேண்டியிருந்தது.

இதைவிட ஆச்சரியமான ஒன்றும் உண்டு. கூடாரத்தை எப்படி அமைப்பது என்று விரிவாகச் சொன்ன அதே இடத்தில், ஓய்வுநாளை அனுசரிக்க வேண்டும் என்ற கட்டளையும் வருகிறது. ஏன் அருகருகே வருகிறது என்று யூத அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஆண்டவருடைய வீட்டைக் கட்டும் வேலையானாலும் ஓய்வுநாளில் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட பொருள். கூடாரம் அமைக்கத் தேவைப்பட்ட தொழில்கள் எவையோ, அவையே ஓய்வுநாளில் விலக்கப்பட்டவை என்று கொண்டு, 39 வகை வேலைகளைப் பட்டியலிட்டார்கள். ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுத்த ‘மிஷ்னா’ என்னும் நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது.

நம் குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்காரர்கள் அந்தப் பட்டியலைக் கேட்டால் வியந்துபோவார்கள். உழுவது, விதைப்பது, அறுப்பது, மாவரைப்பது, சுடுவது என்று தொடங்கி, சாயம் தோய்ப்பது, நூல் நூற்பது, பாவு ஓட்டுவது, நெய்வது, முடி போடுவது, முடி அவிழ்ப்பது, இரண்டு தையல் தைப்பது வரை அதில் உண்டு. ஆண்டவரின் கூடாரத்துக்குத் திரை நெய்யும் தறியே ஒருநாள் நின்றது என்றால், அந்த மக்கள் கற்ற பாடம் எவ்வளவு பெரியது! பக்திக்கும் ஒரு கடிவாளம் உண்டு. அது பக்தனுடைய கையில் இல்லை.

சனிக்கிழமை செக்கோட்டாதவர்கள்

இது எங்கோ தூரதேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். நம் பாரத நாட்டிலேயே இந்தக் கட்டளையைக் காத்த மக்கள் உண்டு. கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத் தொழுகைக்கூடம் 1568-இல் கட்டியது. சுற்றுலா போன நம்மவர் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நாம் சொல்ல வருவது மகாராஷ்டிர மாநிலத்துக் கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த எளிய மக்களைப் பற்றி. ‘பெனே இஸ்ராயேல்’ என்பது அவர்கள் பெயர். இஸ்ராயேலின் மக்கள் என்று அதற்குப் பொருள். முன்னொரு காலத்தில் கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் அலிபாக் அருகேயுள்ள நவகாவ் கரையில் ஒதுங்கினார்கள், அவர்களுடைய சந்ததியே நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

வேதப் புத்தகங்கள் அவர்களிடம் இல்லை. குருக்கள் இல்லை. எபிரேய மொழி மறந்துவிட்டது, பேசியது மராத்தி. பல திருநாட்களும் நினைவிலிருந்து போய்விட்டன. செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். இருந்தும் சிலவற்றை மட்டும் விடவில்லை. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்தார்கள். செதிலும் துடுப்பும் இல்லாத மீனை உண்ணவில்லை. ஆண்டவர் ஒருவரே என்று அறிக்கையிடும் ‘ஷெமா’ செபத்தின் தொடக்கச் சொற்களை மனப்பாடமாகச் சொல்லிவந்தார்கள். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை செக்கை நிறுத்திவைத்தார்கள். அதனால் அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு ‘சனிவார் தேலி’ என்று பெயரிட்டார்கள். சனிக்கிழமை ஓய்வெடுக்கும் வாணியர் என்பது அதன் கருத்து.

சற்று நினைத்துப் பாருங்கள். ஊரில் மற்றச் செக்குகள் ஓடும்போது இவர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் காட்டுவதற்குப் புத்தகம் கிடையாது. எங்கள் முன்னோருக்கு அப்படிக் கட்டளை என்பது மட்டுமே பதில். இன்ன நாளில் ஓய்வெடுப்பது எங்களுக்கு வசதி என்று அவர்கள் நாளை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பிடிப்பே அவர்களை யாரென்று பின்னாளில் உலகுக்கு அடையாளம் காட்டியது. 1796-இல் மும்பையில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் எழுந்தது. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ராயேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். சில ஆயிரம் பேர் இன்றும் நம் நாட்டில் வாழ்கிறார்கள். பெரிய ஆலயமோ, அறிஞரோ, அரசரின் ஆதரவோ இல்லாமல் ஒரு விசுவாசம் எப்படிப் பிழைத்தது என்று கேட்டால், நின்ற செக்குதான் விடை.

யார் பெரியவர்?

இங்கே ஒரு சந்தேகம் எழும். கட்டளைக்காகச் செய்வது பெரிதா, யாரும் சொல்லாமல் தானாகவே மனமுவந்து செய்வது பெரிதா? தானாகச் செய்பவனே பெரியவன் என்றுதான் நமக்குத் தோன்றும். யூத அறிஞர் ஹனினா இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: கட்டளை பெற்றுச் செய்கிறவனுக்கே கைம்மாறு அதிகம் என்றார்.

இதைப் பற்றி அவர்களுடைய ‘தல்மூத்’ நூலில் ஓர் அழகான செய்தி உண்டு. யோசேப்பு என்ற அறிஞர் கண்பார்வை அற்றவர். பார்வையற்றவர்களுக்குக் கட்டளைகளிலிருந்து விலக்கு உண்டு என்று யாராவது தீர்ப்புச் சொன்னால் விருந்து வைப்பேன் என்று முதலில் எண்ணியிருந்தார். கடமை இல்லாமலே இத்தனையும் செய்கிறேனே, எனக்கு எவ்வளவு புண்ணியம் என்பது அவர் கணக்கு. ஹனினாவின் வாக்கைக் கேட்டபின் கணக்கை மாற்றிக்கொண்டார்: எனக்கு விலக்கு இல்லை என்று யாராவது சொன்னால்தான் விருந்து வைப்பேன் என்றார்.

இதன் ஆழம் என்ன? தானாகச் செய்பவன் விரும்பும்போது செய்கிறான், அலுக்கும்போது நிறுத்துகிறான். கட்டளை பெற்றவனுக்கோ அந்த வசதி இல்லை. அவனுடைய மனமே முரண்டு பிடிக்கும், அதையும் அடக்கியாக வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண் நம் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்துக் கொஞ்சுகிறாள், நல்ல மனம்தான். ஆனால் நடுச்சாமத்தில் குழந்தை காய்ச்சலில் அழும்போது எழுந்திருப்பவள் தாய். எழலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பதில்லை. பெரிய அன்பு கடமையின் உருவில்தான் நாள்தோறும் வருகிறது.

மறந்த அரிக்கட்டு

அறுவடைக்கும் ஆண்டவர் கட்டளை கொடுத்தார். வயலின் ஓரங்களை முற்றாக அறுக்கக் கூடாது. சிந்தியதைப் பொறுக்கக் கூடாது. ஓர் அரிக்கட்டை வயலில் மறந்து வந்துவிட்டால் அதை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அது ஏழைக்கும் அன்னியனுக்கும் அனாதைக்கும் விதவைக்கும் உரியது.

இந்தக் கடைசிக் கட்டளை விசித்திரமானது. வேண்டுமென்று ஒரு கட்டை விட்டுவந்தால் அது மறந்ததாகாது. மெய்யாகவே மறந்தால்தான் நிறைவேறும். யூதர்கள் சொல்லும் பழைய கதை ஒன்று: பக்திமான் ஒருவர் ஒருநாள் வயலில் ஒரு கட்டை மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகிழ்ச்சி தாங்காமல், ஆண்டவருக்குக் காளைகளைப் பலியிட ஏற்பாடு செய் என்று மகனிடம் சொன்னார். எத்தனையோ கட்டளைகளை நிறைவேற்றியிருக்கிறீர்கள், இதற்கு மட்டும் ஏன் இத்தனை ஆனந்தம் என்று கேட்டான் மகன். மற்றவையெல்லாம் நாம் எண்ணிச் செய்பவை. இது ஒன்றுதான் நம் எண்ணம் கலக்காமல் நிறைவேறுவது என்றார் தந்தை.

நம் பக்கத்தில் கடலைக்காய் பிடுங்கிய காட்டில், விடுபட்ட காய்களைக் கிளறிப் பொறுக்க ஏழைப் பெண்கள் கூடையோடு வருவதைப் பார்க்கிறோம். சிலர் விடுகிறார்கள், சிலர் விரட்டுகிறார்கள். அந்தப் பெண்களின் கூடையில் விழும் காய்க்குப் பெயர்ப்பலகை கிடையாது, உபயதாரர் பட்டியல் கிடையாது, பொன்விழா மலரில் படமும் வராது. நம்முடைய ‘நான்’ என்பது சிறிதும் கலக்காத காணிக்கை அது ஒன்றே. மோவாபிய விதவை ரூத் அப்படித்தான் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். அவள் வம்சத்தில்தான் தாவீது பிறந்தார். தாவீதின் வம்சத்தில் நம் மீட்பர் பிறந்தார்.

சுமையா, மகிழ்ச்சியா?

இத்தனை கட்டளைகளும் தாங்க முடியாத சுமை என்று சிலர் நினைப்பதுண்டு. யூதர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆண்டுதோறும் திருச்சட்ட நூல்களை வாசித்து முடிக்கும் நாளை ‘சிம்ஹத் தோரா’ என்ற திருநாளாகக் கொண்டாடி, சட்டச் சுருளைக் கையில் ஏந்தி ஆடிப்பாடுகிறார்கள். கொச்சி யூதர்களும் அதைக் கோலாகலமாகக் கொண்டாடிவந்தார்கள். சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடனமாடுகிறவர்கள் அதைச் சுமையென்று எண்ணுவார்களா?

ஆண்டவருடைய கட்டளை மனிதனை நசுக்க வந்ததன்று என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். மக்கபேயர் காலத்தில், ஓய்வுநாளில் போரிடமாட்டோம் என்று எதிர்த்து நிற்காமல் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள். அதைக் கேட்டு அழுத மத்தத்தியாசும் அவர் தோழர்களும், தாக்குவோரை ஓய்வுநாளிலும் எதிர்ப்போம் என்று தீர்மானித்தார்கள். உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம், மீறவும் வேண்டும் என்பது யூதச் சட்டத்தில் நிலைபெற்ற விதி. ஓய்வுநாள் மனிதனுக்காக ஏற்பட்டது என்று இயேசு போதித்தபோது, கட்டளையிட்டவரின் நெஞ்சத்தையே திறந்து காட்டினார். கெத்சமனித் தோட்டத்தில் இரத்த வியர்வையோடு தந்தையின் சித்தத்துக்குத் தம் சித்தத்தை ஒப்படைத்தபோது, அந்த நெஞ்சத்துக்குத் தம்மையே கொடுத்தார். அவருக்கு முன்பே, நாசரேத்து வீட்டில் தம் திட்டங்களையெல்லாம் ஒதுக்கிவைத்து ஆகட்டும் என்றவர் நம் தாய் மரியம்மாள்.

நம் மண்ணில் ஒரு சாட்சி

சேலம், நாமக்கல் சீமையில் வாழும் நமக்கு இதற்கு ஒரு சாட்சி அருகிலேயே இருக்கிறது. தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய இராபர்ட் தே நொபிலி சுவாமிகள் 1606-இல் மதுரைக்கு வந்தவர். உயர்குடியில் பிறந்தும், தம் நாட்டு உடையையும் உணவையும் விட்டு, தமிழும் வடமொழியும் கற்றுச் சந்நியாசியாக வாழ்ந்தார். விசுவாசிகள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாமா, சந்தனம் இடலாமா என்று அவருடைய முறையைப் பற்றிப் பெரிய வழக்கு எழுந்தது. அது கோவா வரை, உரோமை வரை சென்றது. அவர் தம் நியாயத்தை எழுதி அனுப்பினாரே தவிர, திருச்சபையை உதறிவிட்டுத் தம் வழியே போகவில்லை. ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். 1623 சனவரி 31-ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தார்.

அதே 1623-ஆம் ஆண்டில்தான் சுவாமிகள் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தபோது அங்கிருந்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். பின்னர் சேலத்தை அடைந்தார். சேலத்துத் தலைவரின் உடன்பிறந்த திருமங்கல நாயக்கர் 1625-இல் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். நம் மண்ணில் விழுந்த முதல் விதைகளில் அதுவும் ஒன்று. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவாகும் முன் முந்நூறு ஆண்டுகளாக அந்த விதை மண்ணுக்குள் கிடந்து முளைத்தது.

அவருடைய முடிவையும் எண்ணிப் பாருங்கள். கண்பார்வை மங்கிய முதிய வயதில், தாம் நேசித்த மதுரையை விட்டு யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். அங்கேயே 1656-இல் இறைவனடி சேர்ந்தார். மதுரையில் உழைக்கத் தெரிந்தவருக்கு, மதுரையை விட்டுப் போகவும் தெரிந்திருந்தது. எது கடினமான சேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் பொன்விழாவுக்கு என்ன கேட்கிறார்?

அன்பர்களே, இனி நம் வீட்டுக்கே வருவோம். தீர்க்கதரிசி ஆமோஸ் காலத்தில் இஸ்ராயேலில் திருநாட்களுக்குக் குறைவில்லை. பாட்டும் யாழும் பலியும் தடபுடலாக இருந்தன. ஆனால் ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்றார்கள். உங்கள் திருவிழா எனக்கு அருவருப்பு, உங்கள் பாட்டின் இரைச்சல் வேண்டாம், நீதி ஆறுபோல் ஓடட்டும் என்று ஆண்டவர் அவர் வாயிலாக முழங்கினார். விழாவைத் தம் விருப்பப்படி நடத்துகிறவர்கள் நடுங்க வேண்டிய சொல் அது.

நம் பகுதி உழைப்பாளிகளின் பகுதி. தறி, லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, சேகோ ஆலை என்று நம்மில் சிலர் முதலாளிகளாகவும் பலர் தொழிலாளிகளாகவும் இருக்கிறோம். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை மட்டும் ஒருமுறை முழுமையாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நீ ஓய்ந்திரு என்பதோடு அது நிற்கவில்லை. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் மாடும் கழுதையும், உன் வீட்டில் தங்கிய அன்னியனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று நினைவூட்டுகிறது. தறி ஓனர் ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் வந்து நிற்கிறார்; அவர் தறியில் ஞாயிறு ஷிப்ட் ஓடுகிறது என்றால், கட்டளையில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும், ஞாயிறன்று பூசை காண்பதோடு, வழிபாட்டையும் அந்நாளின் மகிழ்ச்சியையும் உடல் மன ஓய்வையும் கெடுக்கும் வேலைகளை விலக்கவேண்டும் என்றே சொல்கிறது.

அடுத்து, முன்பணம். கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ அட்வான்ஸ் வாங்கிய தொழிலாளி, அது தீரும்வரை வேறிடம் போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடப்பது நம் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் புதிய செய்தியன்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நம் நாட்டில் 1976-லேயே வந்துவிட்டது. அதற்கும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மோயீசனின் சட்டம், ஏழாம் ஆண்டில் அடிமையை விடுதலை செய் என்றது. விட்டால் போதாது, வெறுங்கையோடு அனுப்பாதே, உன் மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் அள்ளிக்கொடுத்து அனுப்பு என்றது. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே கொடு என்றும் அது சொன்னது.

ஆகவே மறைக்கல்விக் குழுவின் சார்பில் பங்கு மக்களின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறோம். முதலாவது: நம் பங்கில் தொழில் நடத்துகிற ஒவ்வொரு குடும்பமும், இந்தப் பொன்விழா ஆண்டு முழுவதும் தன்னிடம் வேலை செய்கிற அனைவருக்கும் ஞாயிறு விடுமுறை கொடுக்கட்டும், அவர்கள் எம்மதத்தவராயினும் சரியே. இரண்டாவது: ஐம்பது ஆண்டு நிறைவின் அடையாளமாக, நெடுநாளாகத் தீராத ஒரு கடனையாவது, ஓர் அட்வான்சையாவது தள்ளிவிடட்டும், அடகுக்கு வைத்திருக்கும் ஓர் ஏழையின் குடும்ப அட்டையையோ நகையையோ திருப்பிக் கொடுக்கட்டும். மூன்றாவது: கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள், தங்களுக்கு இழைக்கப்பட்ட ஒரு குற்றத்தை மன்னித்து, நின்றுபோன ஓர் உறவின் வாசலை மிதிக்கட்டும். இவற்றுக்கு ரசீது கிடையாது. மேடையில் பெயர் வாசிக்கவும் மாட்டோம். மறந்த அரிக்கட்டைப் போல அவை ஆண்டவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இது எளிதென்று சொல்ல மாட்டோம். ஞாயிறு ஷிப்டை நிறுத்தினால் அந்த வாரத் துணி குறையும். தள்ளிய கடன் கணக்கில் நஷ்டமாகவே நிற்கும். மன்னிக்கப் போன இடத்தில் கதவு திறக்காமலும் போகலாம். ஆயினும் சினாய் மலையடியில் இஸ்ராயேலர் செய்வோம் என்பதை முதலிலும், கேட்போம் என்பதைப் பின்னரும் சொன்னார்கள் என்று அவர்களுடைய அறிஞர்கள் பெருமையோடு குறிப்பிடுவார்கள். முழுவதும் புரிந்தபின் செய்வேன் என்பவன் ஒருநாளும் தொடங்கமாட்டான். செய்யத் தொடங்கியவனுக்கே கட்டளையின் இனிமை புரிகிறது.

பொன்விழா நாளன்று நம் கோவில் மணி வழக்கம்போல் ஒலிக்கும். அந்த ஓசையில் பழைய கொம்பின் ஓசையும் கலந்திருக்கட்டும். அதைக் கேட்டு யாராவது ஒரு தொழிலாளி கடனற்றவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பினால், யாராவது ஒரு தாய் தன் பிள்ளைகளோடு ஞாயிறு முழுவதும் வீட்டில் இருந்தால், அதுவே ஆண்டவர் கேட்ட ஜூபிலி. அதைக் கொடுக்க வேண்டிய மனத்தையும் அவரே நமக்கு அருள்வாராக. எல்லாம் வல்ல இறைவனுக்கே என்றென்றும் புகழ் உண்டாவதாக.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!